தேறாத விளக்குகள்

அவர் கையில் எந்த விளக்கும் தேறியதில்லை.

எண்ணெய்த் திரி, மெழுகுவத்தி, லாந்தர், சாத்துக்குடித் தோலில் எரிந்த சுடர், வெயிலில் காயவைத்து உயிர் கொடுத்த பழைய செல்லில் மினுங்கிய டார்ச் பல்பு, எல்லாவற்றுக்கும் ஒரே தீர்ப்புதான். "ம்ஹும். பெயில்." சொல்லிவிட்டுத் தன் பவுடர் டப்பாவை மூடுவார். டப்பென்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டாலே எங்கள் காலனிக்கு எரிச்சல் வரும். எனக்கும் வரும். எல்லோரையும்விட அதிகமாக வரும்.

என் மகளுக்கு இப்போது இருபத்து நான்கு வயது. மாதாப்பூரில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் வேலை. மின்சாரம் போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது, அப்படி ஓர் இடம். அவள் பிறந்த ஐந்தாறு நாளில், ஒரு மழைக்காலத்தில், அவள் உயிர் அந்தப் பெண்மணியின் பிடிவாதம் ஒன்றில் தொங்கிக்கொண்டிருந்தது. அது தெரியாமல் அவர் முகத்தில் கதவைச் சாத்தியவன் நான். அதைத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அவரை நினைத்தால் எதுவும் வரிசையாக வராது. முதலில் அந்த டப்பாதான் வரும்.

உள்ளங்கை அகலத் தகர டப்பா. மூடியில் இருந்த ரோஜாப்பூ தேய்ந்து போய் இதழ் ஒன்றுதான் மிச்சம். உள்ளே பஞ்சு வைத்து, அதன்மேல் பத்து ரெசிஸ்டர்கள். ரேடியோவைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அரிசியைவிடச் சற்றுப் பெரிதாக, இரண்டு பக்கமும் கம்பி நீட்டிக்கொண்டு, வயிற்றைச் சுற்றி நிறக் கோடுகள் போட்டிருக்கும். அந்தக் கோடுகளின் நிறம்தான் அதன் மதிப்பு. மஞ்சளை வெள்ளை என்று படித்துவிட்டால் நான்கு ஒன்பதாகிவிடும். எங்கள் தொழிற்சாலையில் அந்தக் கோடுகளைப் பார்த்து, சர்க்யூட் போர்டில் சரியான இடத்தில் சரியான பொருள் உட்கார்ந்திருக்கிறதா என்று கையெழுத்துப் போடுவது அவர் வேலை. இன்ஸ்பெக்‌ஷன் அக்கா. தமிழர், தெலுங்கர், மலையாளி எல்லோருக்கும் அவர் அந்தப் பெயர்தான். கழித்துப் போட்ட பத்து ரெசிஸ்டர்களை வீட்டுக்கு எடுத்துப் போக, விண்ணப்பம் எழுதி, கேட் பாஸ் வாங்கிய ஒரே ஆளும் அவர்தான். குப்பையில் போகிற சரக்குக்கா பாஸ் என்று காவலாளி சிரித்தாராம். "குப்பைக்குப் போற வரைக்கும் கம்பெனிது" என்றாராம் இவர்.

கேட்டுக்கு உள்ளே நான் அவருக்கு சார். வெளியே வந்தால் தம்பி. அவருக்கு என்னைவிடப் பத்து வயது கூட. செகந்திராபாத் லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். அப்பா ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர், வீட்டுக்காரரும் அதே ஒர்க்‌ஷாப்பில். அவருடைய தமிழ் தாத்தாவோடு வட ஆற்காட்டிலிருந்து ரயிலேறி வந்தது. வந்த இடத்தில், வேண்டாமுக்கு நக்கோவும் ஆமாமுக்கு ஹவ்வும் அதில் ஒட்டிக்கொண்டன. நான் திருச்சியிலிருந்து பட்டப்படிப்பும் மிடுக்குமாக வந்து இறங்கியவன்.

நாட்டுக்கே மின்னணுக் கருவி செய்து அனுப்புகிற தொழிற்சாலை. அதில் வேலை பார்க்கிறவர்களின் குவார்ட்டர்ஸில், கோடை வந்தால் சாயங்காலம் ஆறரைக்குக் கரன்ட் போய்விடும். எட்டு மணிவரை வராது. முதலில் எல்லோரும் திட்டினோம். அப்புறம் அதுவே ஒரு விளையாட்டாகிவிட்டது. கையில் கிடைத்த வீட்டுச் சாமானை வைத்து யார் நல்ல விளக்குச் செய்வது என்று போட்டி. இன்ஜினியர்கள் அல்லவா, சும்மா இருக்க முடியாது. ஒருவர் கண்ணாடி டம்ளரில் பாதி தண்ணீர், மேலே எண்ணெய் ஊற்றி, பால் பாட்டிலின் தகர மூடியில் ஓட்டை போட்டுத் திரியை மிதக்கவிட்டார். இன்னொருவர் டார்ச்சை நிமிர்த்தி வைத்து, அதன்மேல் தண்ணீர்ச் செம்பு போல ஒரு கண்ணாடிக் கூஜாவை வைத்து, தண்ணீரில் நாலு சொட்டுப் பால் விட்டார். கூஜா முழுக்க நிலாவாகிவிட்டது. எதிர்வீட்டுத் தெலுங்குக்காரர் எலுமிச்சம்பழத்தில் ஆணியும் செம்புக் கம்பியும் செருகி, பன்னிரண்டு பழத்தை வரிசையாக இணைத்து, பல்பு எரியும் எரியும் என்று அரை மணி நேரம் எங்களைக் குந்தவைத்தார். எரியவில்லை. அவர் மனைவி பழங்களைப் பிழிந்து எல்லோருக்கும் சர்பத் கொடுத்தார். "இதி மாத்ரம் பாஸ்!" என்று கத்தினார் தெலுங்குக்காரர். இது மட்டும் பாஸாம்.

ஏனென்றால் அதற்குள் இன்ஸ்பெக்‌ஷன் அக்கா வந்திருப்பார். டப்பாவைத் திறந்து, ஒவ்வொரு விளக்கின் அடியிலும் இரண்டு ரெசிஸ்டரை வைப்பார். மஞ்சள் கோடு போட்டது ஒன்று, வெள்ளைக் கோடு போட்டது ஒன்று. குனிந்து பார்ப்பார். பிரிந்து தெரிகிறதா? தெரியாது. எந்தச் சுடரிலும் தெரியாது. மஞ்சளும் வெள்ளையும் அக்கா தங்கை மாதிரி ஒரே முகம் காட்டும்.

"பெயில்."

டப்.

நானும் ஒரு விளக்குச் செய்தேன். அதைப் பற்றி இன்றைக்கும் எனக்கு ஒரு கள்ளப் பெருமை உண்டு, ஒரு கூச்சமும் உண்டு. லாந்தர் சுடருக்கு முன்னால் உருண்டையான கண்ணாடி பாட்டிலில் தண்ணீர். பின்னால், எங்கள் கல்யாணத்துக்கு வந்த பித்தளைத் தாம்பாளம். புளி போட்டுத் துலக்கி முகம் பார்க்கும்படி செய்து, சுடர் விழுந்தால் அப்படியே திரும்பி வரும்படி சாய்த்து நிறுத்தினேன். ஒரே ஒரு திரியில் அறை முழுவதும் பொன்னாக எரிந்தது. காலனியே கை தட்டியது. அவர் மட்டும் குனிந்துகொண்டிருந்தார்.

"எப்படி அக்கா நம்ம விளக்கு?"

"வெளிச்சம் இருக்கு தம்பி. ஹவ், நல்லாவே இருக்கு."

"அப்புறம் என்ன?"

"நெறம் இல்ல."

"விளக்குக்கு எதுக்கு நெறம்?"

"வெளக்குக்கு வேணாம். பாக்குற பொருளுக்கு வேணும். நீ பின்னாடி பித்தளைய வேற வெச்சிருக்க. அது வெளிச்சத்துக்கே மஞ்சா பூசிடுது. கல்யாண வீடு மாதிரி அழகாத்தான் இருக்கு. ஆனா நக்கோ. பெயில்."

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள், அது இன்னும் கொஞ்சம் வலித்தது. அப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம்.

அவர் அப்படித்தான். செகந்திராபாத்தில் ஒரு புடவைக் கடையில் அவர் படியேறியதும் முதலாளி உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார்: "தலுப்பு தெரவரா, மேடம் ஒச்சாரு!" கதவைத் திற, மேடம் வந்தாச்சு என்று. புடவையைத் தெருவுக்கு எடுத்துப் போய் வெயிலில் விரித்துப் பார்க்காமல் ஒரு கைக்குட்டைகூட வாங்க மாட்டார். தொழிற்சாலையில் அவருக்கென்று வெளிநாட்டு மேசை விளக்கு ஒன்று வரவழைத்தார்கள். அதற்கு ஒரு பூ வைத்துக் கும்பிட்டுவிட்டு, போர்டைத் தூக்கிக்கொண்டு வடக்கு ஜன்னலுக்குப் போய்விடுவார். என் போர்டுகளில் எத்தனையைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்! சாம்பார் எப்படி இருக்கு என்று கேட்டால், நாம் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்க, முழுதும் சாப்பிட்டுக் கை கழுவி வந்துதான் சொல்வார். அதுவரை நமக்குப் பசி போய்விடும். நல்லாயிருக்கு என்ற வார்த்தையை அவ்வளவு சிக்கனமாக வைத்திருந்த இன்னொருவரை நான் பார்த்ததில்லை. பாராட்டுக்கு ஏங்குகிற வயதில் அப்படி ஒருவர் மாடிப்படிக்குக் கீழே குடியிருப்பது பெரிய இம்சை.

மழைக்காலம் வந்தது. என் மகள் பிறந்தாள்.

நர்சிங் ஹோமிலிருந்து மூன்றாம் நாள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். அன்றைக்கே பேய்மழை. காலனி டிரான்ஸ்ஃபார்மர் புகைந்து அணைந்தது. இந்த முறை எட்டு மணிக்கு வரவில்லை, மறுநாளும் வரவில்லை. வானம் பகலிலும் ஈரக் கம்பளி மாதிரி தொங்கியது. மனைவிக்கு அம்மா இல்லை. பிரசவம் பார்க்க அவள் அக்கா திருச்சியிலிருந்து வந்திருந்தார். பச்சை உடம்புக்குக் குளிர் ஆகாது என்று ஜன்னலுக்குச் சாக்குக் கட்டி, கதவை ஒருக்களித்து வைத்தார். உள்ளே என் விளக்கு. காலையிலிருந்து இரவுவரை அது ஒன்றுதான் சூரியன். எண்ணெய் ஊற்றுவதும் தாம்பாளத்தைத் துடைப்பதும் நான். அப்பாவானவன் செய்யக்கூடிய வேலை கிடைத்துவிட்ட சந்தோஷம் எனக்கு. என் குழந்தை என் வெளிச்சத்தில் தூங்குகிறாள்!

"பொறந்தப்போ செவசெவன்னு இருந்தா மாப்ள" என்றார் மனைவியின் அக்கா. "இப்போ பாருங்க, தங்கத்தை உரசின மாதிரி ஆயிட்டா. எங்கம்மா நிறம்."

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அதையே சொன்னார்கள். தங்கம். பொன்னு. விளக்கு எல்லாவற்றையும் பொன்னாக்கியது: போர்வை, சுவர், என் கை, குழந்தையின் முகம். இத்தனை இன்ஜினியர்கள் அந்த அறைக்குள் வந்து போனார்கள். ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கே தோன்றவில்லையே.

ஐந்தாம் நாள் சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து இன்ஸ்பெக்‌ஷன் அக்கா வந்தார். குடையை மடக்கி வாசலில் வைத்தார். கால் கழுவினார். குழந்தையின் அருகில் உட்கார்ந்தார். வெகு நேரம் பார்த்தார்.

"பால் குடிக்குதா?"

"ரெண்டு வாய் குடிச்சதும் தூங்கிடுறா" என்றார் மனைவியின் அக்கா. "சமத்து. அழுகையே கிடையாது."

இவர் இன்னும் குனிந்து பார்த்தார். இடுப்பிலிருந்து டப்பாவை எடுத்தார். குழந்தையைச் சுற்றியிருந்த வெள்ளைத் துணிமேல் இரண்டு ரெசிஸ்டரை வைத்தார். எனக்குச் சுரீர் என்றது. படுத்திருந்த என் மனைவி, அவளுக்கு அந்த விளையாட்டு புரியாமல் இல்லை, மெதுவாகக் கேட்டாள்:

"யார் ஜாடை அக்கா?"

எந்த வீட்டிலும் அந்தக் கேள்விக்கு ஒரு பதில் உண்டு. அப்பா மூக்கு, அம்மா கண் என்று எதையாவது சொல்லிவிட்டுப் போவார்கள். அவர் நிமிர்ந்தார். "இந்த வெளிச்சத்துல நான் ஒண்ணும் சொல்ல மாட்டேம்மா. காலைல வர்றேன்."

டப்.

நான் பின்னாலேயே படிக்கட்டுக்குப் போனேன். "என் குழந்தையையுமா இன்ஸ்பெக்‌ஷன் பண்ணணும்? அது என்ன போர்டா?"

அவர் மடக்கிய குடையோடு படியில் நின்றார். "போர்டுன்னா நாளைக்குக் கழட்டி மாட்டலாம் தம்பி. அத முடியுமா?"

"என்ன சொல்ல வர்றீங்க?"

"ஒண்ணும் சொல்ல வரல. எனக்கே தெரியல. தெரியாதத வெச்சு ஒரு பச்ச ஒடம்புக்காரிய நடுங்க வெக்கக் கூடாது. விடியட்டும். மொத வெளிச்சத்துல வர்றேன்."

வர வேண்டாம் என்று சொன்னேன். சொன்னேனா, முணுமுணுத்தேனா என்பது இப்போது ஞாபகமில்லை. அவர் காதில் விழுந்திருக்கும். கதவை நான் சாத்திய சத்தமும் விழுந்திருக்கும்.

விடிந்ததும் வந்துவிட்டார். மழை சற்று ஓய்ந்திருந்தது. நான்தான் கதவைத் திறந்தேன். ஏன் திறந்தேன் என்றால், அவர் போன பிறகு குழந்தையின் முகத்தை என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை. அந்தப் பொன் என் கண்ணை உறுத்த ஆரம்பித்திருந்தது.

மனைவியின் அக்கா ஜன்னலை மறித்துக்கொண்டு நின்றார். "சாக்கை எடுத்தா குளிர் அடிக்கும். பிள்ளைக்குச் சளி பிடிச்சா யார் பார்க்கிறது?"

"ஜன்னலத் தொறக்க வேணாம்மா. கண்ணாடி கதவு சாத்தியே இருக்கட்டும். காத்து நக்கோ. வெளிச்சம் மட்டும் உள்ள வரட்டும். அதுக்குக் குளிராது." பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, அந்த வெளக்க மொதல்ல அணை. செவுத்துல இருக்கற மொகம் பாக்குற கண்ணாடிய எடு. ஒரு சலவை வேட்டி கொண்டா."

விளக்கை ஊதி அணைத்தேன்.

சாக்கை அவிழ்த்தபோது பெரிதாக ஒன்றும் வந்துவிடவில்லை. பால்கனிக் கூரை வானத்தை மறைத்தது. அவர் பால்கனிக்குப் போய், மடக்கு நாற்காலியில் முகக்கண்ணாடியைச் சாய்த்து வைத்தார். இப்படிச் சாய்த்தார், அப்படிச் சாய்த்தார். கண்ணாடிக்குள் மாமரம் வந்தது, தண்ணீர்த் தொட்டி வந்தது, மின்கம்பி வந்தது. அப்புறம் ஒரு துண்டு வானம் விழுந்தது. சாம்பல் நிறத்தில், அழுக்கில்லாத வானம். அது ஜன்னல் கண்ணாடி வழியாக உள்ளே நடந்து வந்தது. சுவர்மேல் ஏறி, அணைந்த தாம்பாளத்தைத் தாண்டி, நான் கட்டிலுக்குப் பின்னால் விரித்துப் பிடித்திருந்த வேட்டியில் மோதி, மெதுவாகப் படுக்கையில் இறங்கியது. அத்தனை வீட்டுச் சாமானை வைத்து அத்தனை பேர் செய்த விளக்குகளில் அதுதான் கடைசி. ஒரு சொட்டு எண்ணெய் இல்லை, ஒரு திரி இல்லை.

உள்ளே வந்து, அதே வெள்ளைத் துணிமேல் ரெசிஸ்டர்களை வைத்து, முதலில் அவற்றைத்தான் பார்த்தார். மஞ்சள் தனியாக இருந்தது. வெள்ளை தனியாக இருந்தது. அப்புறம்தான் குழந்தையைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம்.

துணி வெள்ளை. என் மகள் மஞ்சள்.

நெற்றி, மூக்கு, கழுத்து, வயிறுவரைக்கும். அவர் இமையை விரலால் லேசாக விலக்கினார். விழியின் வெள்ளையும் மஞ்சள். என் மனைவியின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, அதை எழுத என்னிடம் எழுத்து இல்லை.

"தம்பி, வண்டி புடி" என்றார். அவ்வளவுதான். நான் சொன்னேன் பார்த்தாயா என்ற தொனி எங்கேயாவது இருக்கிறதா என்று இத்தனை வருடமாக அந்தக் குரலைத் திருப்பித் திருப்பிக் கேட்டுப் பார்க்கிறேன். இல்லை.

மௌலாலிப் பக்கம் முழங்கால் தண்ணீர். ஆட்டோ இரண்டு முறை நின்றது. இரண்டு முறையும் இறங்கித் தள்ளியது நானும் அவரும்தான். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா குழந்தையின் நெற்றியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தார். "எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. வீட்டில் விளக்கு இருந்தது என்று எப்படிச் சொல்வது? "இன்னும் ஒரு நாள் போயிருந்தா மூளையைத் தொட்டிருக்கும்" என்றார். "இப்போ லைட்ல போடறோம். இறங்கிடும்னு நினைக்கிறேன்."

லைட்டில். பிறந்த குழந்தையின் மஞ்சள் காமாலைக்கு மருந்தே வெளிச்சம்தான் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கண்ணாடி அறைக்குள், கண்ணைக் கட்டி, துணியில்லாமல், நீலக் குழல் விளக்குகளுக்கு அடியில் என் மகளைப் படுக்க வைத்தார்கள். வெளியே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சல் ஒரு கணம் விக்கினாலும் நான் எழுந்து நின்றுவிடுவேன்.

இரண்டாம் நாள் மத்தியானம் அவர் ரசஞ்சாதத்தோடு வந்தார். பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்காமலே சொன்னார். "பல வருஷத்துக்கு முன்ன ஒரு மார்ச் மாசம், தம்பி. மாசக் கடைசி, சரக்கு போயே ஆகணும். கரன்ட் இல்ல. எல்லாரும் சுத்தி நின்னு, போடும்மா கையெழுத்து, போடும்மான்னாங்க. லாந்தர் வெச்சுப் பாத்தேன். எல்லாம் சரியாத்தான் தெரிஞ்சுது. போட்டேன். அத்தனையும் பொகைஞ்சு திரும்பி வந்துச்சு. யாரும் என்னத் திட்டல. அதான் தாங்கல." டப்பாச் சோற்றை என் பக்கம் நகர்த்தி, "சாப்பிடு. ஆறிடும்" என்றார்.

என் மன்னிப்பைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் எழுந்து கண்ணாடி அறைக்குப் பக்கத்தில் போய்விட்டார். பார்த்தால், கையில் டப்பா! நீல வெளிச்சம் கண்ணாடி வழியாக அவர் உள்ளங்கையில் விழுந்தது. சிவப்புக் கோடு கறுப்பாகிவிட்டது. மஞ்சள் எங்கே போயிற்றென்றே தெரியவில்லை. குனிந்து பார்த்துவிட்டு, ரகசியம் போலச் சொன்னார்:

"இதுவும் பெயில்தான் தம்பி."

நான் சிரித்தேன். இரண்டு நாளில் முதல் தடவை. சிரிப்பு நடுவில் அழுகையாகிவிட்டது. அவர் என்னைப் பார்க்கவில்லை, உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். "இருந்துட்டுப் போகட்டும். வேல செய்யுதில்ல? ரிப்போர்ட் எழுத வேணாம்."

இரண்டு மூன்று வருடத்தில் அவர் வீட்டுக்காரருக்கு வேறு ஊருக்கு மாற்றலாகி, அவர் வேலையை விட்டுவிட்டுப் போனார். கொஞ்ச நாள் கடிதம் வந்தது. பிறகு நின்றது. தாம்பாளத்தில் நான் மறுபடி விளக்கு வைக்கவேயில்லை. வெற்றிலை பாக்கு வைக்கிறோம், அதற்குத்தானே அது வந்தது. என் மகள் எப்போதாவது கேட்பாள். தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்கிறவள், இதை மட்டும், அப்பாவுக்கு வரும் நான்னா தவிர, தமிழிலேயே கேட்பாள். "நான்னா, அந்த ஆன்ட்டிகிட்ட நான் பாஸா, பெயிலா?"

நான் அந்தக் காலையைச் சொல்வேன்.

ஆஸ்பத்திரிக்குப் போன நாலாம் நாள். மழை விட்டு, கழுவின மாதிரி ஒரு வெயில். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் மனைவி மடியில் குழந்தை. அழுதுகொண்டிருந்தாள். பசி, கோபம், எல்லாம் சேர்த்து, தாழ்வாரம் அதிர அழுதாள். ஷிஃப்டுக்குப் போகிற வழியில் அவர் வந்தார். பையைக் கீழே வைத்தார். வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்து, எங்களைச் சற்றுத் தள்ளி உட்காரச் சொன்னார். டப்பாவைத் திறந்து ஒரே ஒரு ரெசிஸ்டரை எடுத்தார். மஞ்சள் கோடு போட்டது. கம்பி குத்திவிடாமல் தன் விரலுக்குள் மடக்கி, கன்னத்தில் படாமல் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்தார்.

எங்களுக்கு எந்த அவசரமும் இல்லை. காத்திருந்தோம். அவரும் எந்த அவசரமும் இல்லாமல் பார்த்தார். நெற்றி, மூக்கு, கழுத்து. அழுகிற வாய். ஈறு.

"மஞ்சா தனி" என்றார். "கொழந்த தனி."

பிறகு என் மனைவியைப் பார்த்தார். நாலு நாளைக்கு முன் அவள் கேட்ட கேள்விக்குப் பதில் பாக்கி இருந்ததல்லவா?

"ஒன் ஜாடதாம்மா. மூக்கு மட்டும் இவன்து."

டப்.